மருந்துத் தண்ணீரில் வெறுங்கால்

மிருகக்காட்சி சாலைக்கு வருகிறவர்கள் மிருகங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. பாத்ரூம் எங்கே, கேன்டீன் உண்டா, உட்கார நிழல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் யாராவது, "சிறுத்தை முழிச்சிக்கினு இருக்குதா?" என்று கேட்பார்கள். தூங்குகிறது என்று உண்மையைச் சொன்னால், "அப்ப டிக்கெட் கம்மி பண்ணுங்க" என்பார்கள்.

பெங்களூரில் ஓசூர் ரோடு பக்கம், அடுகோடியையெல்லாம் தாண்டி, ஊர் முடியப்போகிறது என்று நினைக்கும்போது முடியாமல் நீண்டுகொண்டே போன இடத்தில் ஒரு டிரஸ்ட் அதை நடத்தியது. ஒரு சிறுத்தை, ஒரு கரடி, சில முதலைகள், யார் எப்போது எண்ணினாலும் கூடியே இருக்கிற மான்கள், அப்புறம் கோடியில் ஒரு பறவைப் பகுதி. சுற்றிலும் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் வாசலில் டிக்கெட் கிழித்தேன். என் வீட்டுக்காரர் பறவைப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சேர்ந்து போவோம், சேர்ந்து வருவோம்.

அவர் மனிதர்களோடு அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேச்சையெல்லாம் ஒரு இருவாச்சிப் பறவைக்காக மிச்சம் பிடித்து வைத்திருந்தார். பெரிய மஞ்சள் அலகுக்காரி. அவர் பப்பாளித் துண்டு கொடுத்தால் வாங்கி, நல்லதா கெட்டதா என்று யோசித்து, திரும்ப அவர் உள்ளங்கையிலேயே வைக்கும். அவர் மறுபடி கொடுக்க வேண்டும். நான் வைத்த குழம்பை ஒரு நாளாவது இப்படி மரியாதையாகப் பரிமாறிக்கொண்டோமா என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்போதுதான் வடக்கே எங்கேயோ கோழிகள் செத்தன. பறவைக் காய்ச்சல், உலகம் பூராவும் பரவப்போகிறது என்று டி.வி.யில் வரைபடம் போட்டு ஒவ்வொரு ஊராகச் சிவப்பாக்கினார்கள். எங்கள் ஊர் சிவப்பாகவில்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கை என்று டிரஸ்ட் கேட்டை மூடிவிட்டது. எங்கள் பறவைகளில் ஒன்றுகூடத் தும்மவில்லை.

கேட் மூடினால் வரவு நிற்கும், செலவு நிற்காது என்பதை எனக்குப் புரியவைத்தது சிறுத்தைதான். அது அறிவிப்புப் பலகையைப் படிக்கவில்லை, வழக்கமான வேளைக்கு வழக்கமான கறியைக் கேட்டது. முதலைகளுக்கு அதுவரை கோழி போட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் யாரும் கோழியைத் தொடாததால் அது அடிமாட்டு விலைக்கு வந்துவிட்ட நேரம் பார்த்து, முதலைக்கும் கோழி ஆகாது, மாட்டுக்கறிதான் போட வேண்டும் என்று உத்தரவு. முதலைகளுக்கு வந்த யோகம் எங்களுக்கு வரவில்லை. எங்களுக்குப் பாதிச் சம்பளம்.

கரடியை நினைத்தால்தான் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஜனங்களைப் பார்த்துப் பின்னங்காலில் எழுந்து நின்று கடலைக்குக் கை நீட்டுவது அதன் பழக்கம். கொடுக்காதீர்கள் என்று போர்டு வைத்திருந்தோம். அந்த போர்டுக்குக் கீழேயே நின்று கொடுப்பார்கள். கேட் மூடிய பிறகும் கொஞ்ச நாள் காலியான பாதையைப் பார்த்துக் கை நீட்டியது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

நீலசந்திராவில் எங்கள் கதை வேறு. எங்கள் தெருவைத் தாண்டினால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் எப்போதுமே உண்டு. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தடவை எங்கள் சொந்தத் தெருவே ஒதுங்கிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா, தினமும் என் வீட்டுத் தண்ணீரில்தான் மாத்திரை போடுகிறவள், வாசலிலேயே நின்று, "தப்பா நெனைக்காதம்மா, அவரு பறவைங்களத் தொட்டுட்டு வர்றாரு இல்ல, அதான்" என்றாள். காரணத்தை முகத்துக்கு நேராகச் சொன்னாள் பாருங்கள், அந்த அளவுக்கு நாடு முன்னேறியிருந்தது.

அவர் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கேட் திறந்தபோது புது மேனேஜர் வந்திருந்தார். பெரிய ஓட்டலிலிருந்து வந்த கன்னடத்துப் பையன், கழுத்தில் டை. டிக்கெட் வாங்குகிறவர்களை விசிட்டர் என்று சொல்லக் கூடாது, கெஸ்ட் என்று சொல்ல வேண்டும் என்றார். பயந்துபோன கெஸ்ட்டுகளின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதுதான் இனிமேல் நம் வேலை என்றார். பிறகு மூன்று காரியங்கள் செய்தார்.

முதலாவது, தத்து. கம்பெனிகள் மிருகங்களைத் தத்து எடுத்துச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். கண்ணாடிக் கட்டிடத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் புலி கேட்டார்கள். புலி எங்களிடம் இல்லை என்றதும் சிறுத்தைக்கு அடிபிடி. கரடியைக்கூட ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. பறவை என்றதும், "எங்க ஹெச்.ஆர். ஒத்துக்க மாட்டாங்க" என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டாவது, ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் மோதாமல் ஒரே திசையில் போக ஒரு புதுப் பாதை. பழைய மண் பாதையை மூடி, ஓரத்துப் புங்க மரங்களை வெட்டி, பளபளவென்று கருப்பு கடப்பா கல் பதித்தார். போட்டோவில் ரொம்ப அழகாக இருந்தது.

மூன்றாவதுதான் தொட்டி. மெயின் வாசலில் தரையோடு தரையாக ஒரு சிமென்ட் தொட்டி, அதில் கணுக்கால் நனையாத அளவுக்கு ரோஜா நிற மருந்துத் தண்ணீர். செருப்பின் அடியில் ஒட்டியிருக்கும் கிருமி அதில் சாக வேண்டும். பறவைப் பகுதி வாசலிலும் அதே மாதிரி இன்னொரு தொட்டி. அந்தப் பகுதியைப் பரீட்சைக்காகத்தான் திறந்திருந்தார்கள். மே மாதக் கடைசி ஞாயிறு டிரஸ்டிகள் வருவார்கள். அங்கே ஆள் போவதைக் கண்ணால் பார்த்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் பறவைகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு என் வீட்டுக்காரரையும் அனுப்பிவிடுவார்கள். பறவைகளுக்காவது போகிற ஊர் இன்னதென்று தெரியும்.

திறந்த முதல் நாள் முதல் குடும்பம் வந்தது. தொம்மலூர்க்காரர்கள். வாசலில் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். வெறுங்காலோடு தொட்டியில் இறங்கினார்கள். பெரியவர் குனிந்து இரண்டு விரலால் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். நான் கவுன்டரில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் ஓடி வந்து, "சப்பலி ஹாக்கொண்டே ஹோகி!" என்று கன்னடத்தில் கத்தினார். செக்யூரிட்டி அதையே தமிழில், "செருப்பு போட்டுக்கினே போங்க!" என்றார்.

"இன்னாப்பா பேசுற? தண்ணில போயி செருப்போடவா எறங்குவாங்க?" என்று அந்தக் குடும்பத்து அம்மாள் செக்யூரிட்டியைத்தான் திட்டினாள்.

மேனேஜர் மூன்று மொழியில் போர்டு எழுதி வைத்தார். செருப்புடன் செல்லவும் என்பதைப் படித்துவிட்டு, எழுதினவன் குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். நம் ஜனங்களுக்கு எந்த இடத்துக்குள் செருப்போடு போகலாம், எங்கே கூடாது என்பது காலுக்கே தெரிந்த விஷயம். மேனேஜர் அதைத் தலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் தொட்டியில் சில்லறை விழ ஆரம்பித்தது. வெளியே பூ விற்றவள், பூவோடு செருப்பும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

பறவைப் பகுதிக்கு மட்டும் ஈ காக்கை போகவில்லை. இவர் தொட்டிக்குக் காலையில் தண்ணீர் மாற்றுவார், இருவாச்சியோடு பப்பாளி விளையாடுவார், சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

"வருவாங்க, கவலைப்படாதீங்க" என்பேன்.

"நம்ம தெருவே வரல. முன்ன பின்ன தெரியாதவங்க எப்படிம்மே வருவாங்க?" என்றார் ஒரு நாள்.

ஏப்ரல் பாதியில் வெயில் ஏறியது. பெங்களூரில் வெயிலா என்று கேட்பவர்கள் நடுப்பகலில் கருப்பு கடப்பா கல்லில் செருப்பில்லாமல் நடந்து பார்க்க வேண்டும். செருப்பையெல்லாம் பூக்காரியிடம் விட்டுவிட்டு வந்த ஜனங்கள் சிறுத்தையைப் பார்க்கும்போதே ஒற்றைக் காலில் நின்றார்கள். கரடியிடம் வரும்போது குதித்தார்கள். மான்களை யாரும் நின்று பார்க்கவில்லை. ஒரே திசைப் பாதை என்பதால் திரும்பிப் போகவும் முடியாது. கோடியில், வெட்டாமல் விட்ட மரங்களின் நிழலில், குளுகுளுவென்று ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் கண்ணில் பட்டது. "ஐயோ, அம்மா" என்று ஓடிப்போய் இறங்கினார்கள். காய்ச்சலாவது ஒன்றாவது. கால் ஆறும் வரைக்கும் நிற்க வேண்டும், நிற்கிற நேரத்தில் எதையாவது பார்க்க வேண்டும், எதிரே இருவாச்சி இருந்தது.

அது பப்பாளியைத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்துக் குழந்தைகள் கத்தின. பறவைப் பகுதியில் கூட்டம் முட்டி மோதியது. இவர் வாளியும் மக்குமாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மாளவில்லை. வீட்டுக்கு வரும்போது பேசிக்கொண்டே வந்தார், அதுவும் என்னோடு. மேனேஜர் டிரஸ்டுக்கு டைப் அடித்து அனுப்பினார்: கெஸ்ட்டுகளின் நம்பிக்கை முழுமையாகத் திரும்பிவிட்டது. நம்பிக்கை திரும்பியதோ இல்லையோ, கால் பழுத்துப்போயிருந்தது.

நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பார்வையிட ஒருவர் வந்தே தீருவார். டிரஸ்டிகள் வருவதற்கு முந்தின வாரம் கால்நடை டாக்டர் வந்தார். பூக்காரி பக்கத்தில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்து மேனேஜரைப் பிடிபிடியென்று பிடித்தார். கிருமி எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கிறது, காலை மட்டும் கழுவிக்கொண்டு போய், திரும்பி வந்து அதையே மாட்டிக்கொண்டு போகிறார்கள், இதற்கா மருந்து என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியான பேச்சால் எங்கள் பிழைப்பு போகப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது.

மறுநாளே மெயின் வாசல் தொட்டியை மட்டும் மூடி, மருந்தில் நனைத்த சாக்கைப் போட்டுவிட்டார்கள். கால்மிதி மாதிரி இருந்ததால் ஜனங்கள் தாராளமாகச் செருப்போடு மிதித்துக்கொண்டு போனார்கள். கால் சுடவில்லை. சிறுத்தையைப் பார்த்தார்கள், மான்களை நின்று பார்த்தார்கள், பறவைப் பகுதி போர்டைப் படித்தார்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரஸ்டிகள் வந்தபோது பறவைப் பகுதியில் ஒரு ஆள் இல்லை. டிக்கெட் கவுன்டரைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். டிரஸ்டின் தலைவியம்மா முன்னால் நடந்தார். வெள்ளை முடி, பட்டுப்புடவை, நல்ல தமிழ் பேசுகிற பெரிய வீட்டு அம்மாள். மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். இவர் தொட்டி ஓரத்தில் மக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்குத் தண்டனைக்காரர் மாதிரி நின்றார்.

தலைவியம்மா தண்ணீரைப் பார்த்தார். சட்டென்று நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மேனேஜர் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அம்மாள் வெறுங்காலோடு தொட்டியில் இறங்கி, இவருக்கு நேராக வந்து, வலது உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்.

இவருக்குக் கை ஓடவில்லை. "அம்மா, இது மருந்துத் தண்ணிங்க. செருப்புக்கு வெச்சது" என்றார்.

"பரவாயில்லப்பா, விடு. தண்ணி எல்லாம் ஒண்ணுதான்."

இவர் மக்கைச் சாய்த்தார். அம்மாள் கண்ணை மூடித் தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தை மேனேஜர் மேலும் தெளித்தார். மற்ற டிரஸ்டிகள் வரிசையாக ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்கள். பெரிய மனிதர்கள் கை நீட்டி நிற்பதைப் பார்த்ததும், பாதையில் போய்க்கொண்டிருந்த ஜனம் திரும்பியது. ஒரே திசைப் பாதையில் எதிர்த்திசையில் கூட்டம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். கை நீட்டிய ஒவ்வொருவருக்கும் இவர் தண்ணீர் ஊற்றினார். இருவாச்சிதான் பப்பாளிக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

தலைவியம்மா கிளம்பும்போது அவருடைய வெள்ளை முடியில் மருந்து பட்ட இடம் பழுப்பாகியிருந்தது. யாரும் சொல்லவில்லை. "இவ்வளவு ஜனம் வர்ற எடத்தையா மூடணும்ங்கிறீங்க?" என்று மேனேஜரைக் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். பறவைகள் தங்கின, இவரும் தங்கினார்.

பஸ்ஸில் திரும்பும்போது இவர் ரொம்ப நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அடுகோடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்:

"நம்ம யாருன்னு தெரிஞ்சிருந்தா அந்தம்மா இன்னா பண்ணியிருப்பாங்க?"

நான் யோசிக்கவே இல்லை.

"போர்டுல எழுதியிருந்த மாதிரியே பண்ணியிருப்பாங்க. செருப்பைப் போட்டுக்கினே போயிருப்பாங்க."

அவர் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவர், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் நீலசந்திரா ஸ்டாப் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.