வயசைச் சொல்லுங்க, நாவல் சொல்றேன்!

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். இலையில் ரசம் விழுந்த நேரம் பார்த்துப் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார்.

“சார், என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. நல்ல தமிழ் நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்... படிச்சா இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆவணும்.”

தமிழ் நாவல் படித்து இங்கிலீஷ்! என்னத்தைச் சொல்ல? அப்பளத்தை நொறுக்கினேன். கல்யாண வீட்டில் வேறு எதை நொறுக்க முடியும்?

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் புத்தகங்களைப் பற்றி எழுதித் தொலைக்கிறேன் அல்லவா, அதற்குத் தண்டனை இது. பல் டாக்டர்கூட விடுவதில்லை. வாய்க்குள் கருவியை நுழைத்துவிட்டு, “மெசேஜ் இருக்கிற நாவலா சொல்லுங்க சார்” என்கிறார். திறந்த வாயோடு எந்த நாவலைச் சொல்வது? மார்க் வர ஒரு நாவல், மன நிம்மதிக்கு ஒன்று, மருமகளைத் திருத்த ஒன்று... “எனக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும்” என்று யாராவது ஆரம்பிக்கிறார்களா? ஊஹூம்.

இந்தத் தொல்லை தாங்காமல்தான் போன வருஷம் இங்கேயே ஒரு அட்டவணை போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? பதினைந்து வயது வரை சாகசம். இருபதுகளில் காதல். நாற்பதுகளில் குடும்பம். அறுபதைத் தாண்டினால் முதுமை, ஆன்மிகம், அமைதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நாவலின் பெயர், டாக்டர் எழுதித் தரும் சீட்டு மாதிரி. வயசைச் சொன்னால் போதும், நாவல் ரெடி. எனக்கே என் மேல் ஏகப்பட்ட மதிப்பு வந்துவிட்டது.

அது போன மாதம் ஒரு போன் வரும்வரை நீடித்தது.

“கடலூர் ஓ.டி.லேர்ந்து கஸ்தூரி பேசறேன். அந்த அட்டவணை போட்டது நீங்கதானே?”

“ஆமாம்மா.” வாழ்த்தப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது. அறுவதுக்கு மேலன்னு நீங்க போட்ட புஸ்தகத்தை வாங்கிப் படிச்சேன். ரெண்டு மாசம் வீணாப் போச்சு.”

எனக்கும் சுருக்கென்றது. “பிடிக்கலைன்னா மூடி வெச்சிருக்கலாமேம்மா?”

“இப்ப நல்லா வரும், அப்பறம் நல்லா வரும்னு பார்த்தேன். உங்களுக்கென்ன தம்பி, நாளைக்கு ஒண்ணு படிப்பீங்க. எனக்குக் கண்ணு நரம்பு தேஞ்சிக்கினே வருது. ஊசி போடறாங்க. ஆனா கியாரண்டி இல்லன்னுட்டாங்க. காலையில நல்ல வெளிச்சத்துல அரை மணி நேரம் எழுத்து தெரியும். அவ்ளோதான். இன்னும் எத்தனை புஸ்தகம் படிப்பேன்னு தெரியல... அதுல ஒண்ணைக் காலி பண்ணிட்டீங்களே!”

“நேர்ல வரேம்மா” என்றேன். 

அடுத்த புதன்கிழமை நாலு நாவல்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நாலும் பரிசு வாங்கியவை. பின்னட்டையில் பெரிய மனிதர்களின் பாராட்டு வேறு. இந்த முறை தப்பு நடக்காது என்று உறுதியாக இருந்தேன்.

கஸ்தூரி அம்மாள் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஓ.டி. என்கிற முதுநகரில் கீழ்வீடு அவருடையது. மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். நான் போனபோது மாடி வீட்டுப் பெண் — பதிமூன்று வயது — ஹாலில் குப்புறப் படுத்து ஒரு தடியான நாவலில் மூழ்கியிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அறுபதுக்கு மேல் என்று நான் சிபாரிசு செய்த அதே நாவல்!

“இவளுக்கும் உங்க அட்டவணைய பார்த்துத்தான் சாகசக் கதை வாங்கிக் குடுத்தாங்க. பத்து பக்கத்துல தூக்கிப் போட்டுட்டா” என்றார் கஸ்தூரி அம்மாள்.

“உனக்கு இது புரியுதாம்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“சும்மா இருங்க அங்கிள். கதையில அந்தப் பாட்டி சாவப் போறாங்க” என்றாள், நிமிராமலே. கண்ணெல்லாம் தண்ணீர்.

கஸ்தூரி அம்மாள் என் பக்கம் திரும்பினார். “வயசானவ ஒருத்தி ஜன்னலாண்ட உக்காந்து பழசையெல்லாம் நெனைக்கிறா. அதை நானும் ஜன்னலாண்ட உக்காந்து படிக்கணுமா? முப்பது வருஷம் இந்த ஊரு பேச்சுக்கெல்லாம் கனெக்‌ஷன் குடுத்தவ நான். குடும்பக் கதை எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?”

“சரிம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?” கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

“அப்பாடா... இப்பவாவது கேட்டீங்களே!”

சுரீரென்றது. வயதைக் கேட்கத் தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

நாலு நாவல்களையும் புரட்டினார். “இதெல்லாம் நீங்க முழுசா படிச்சீங்களா?”

“ரெண்டு... ஒண்ணரை...” என்று இழுத்தேன்.

“பஸ்ஸுல எதைப் படிச்சிக்கினு வந்தீங்க?”

மாட்டிக்கொண்டேன். பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது அது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய மர்ம நாவல். அட்டையில் கத்தி, ரத்தம், அலறும் பெண். பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தேன். “அது சும்மா டைம் பாஸும்மா...”

“எனக்கு இருக்கிற டைமுக்கு அதுதான் சரி. எடுங்க.”

“அம்மா, கொலைகாரன் யாருன்னு நானே இன்னும்...”

“நான் படிச்சிட்டு சொல்றேன். போங்க.” டிக்கெட்டை உருவி என் கையில் கொடுத்துவிட்டு நாவலை எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது பையில் நாலு பரிசு நாவல்கள். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை ஒன்றையாவது திறந்தேனா? இல்லை. ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு, அந்த மர்ம நாவலில் வரும் தோட்டக்காரன்தான் கொலை செய்திருப்பானோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்தில் பக்கத்து இலையில் இருந்த அந்த அப்பாவிடம், மகளிடமே போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். “அவளுக்கு என்ன சார் தெரியும்?” என்கிறார். அவளுக்குத்தானய்யா தெரியும்!

நேற்று மறுபடி ஓ.டி.யிலிருந்து போன். “தம்பி! முடிச்சிட்டேன். நான் நெனைச்சவனே இல்ல! யாருன்னு சொல்லட்டா?”

“ஐயோ, சொல்லாதீங்கம்மா!”

“அப்ப அடுத்ததைக் கொண்டாந்து குடுத்துட்டு இதை வாங்கிக்கினு போங்க. ஆனா பாதி படிச்சதாதான் இருக்கணும். புடுங்கறப்ப உங்க மூஞ்சி எப்படி ஆவுதுன்னு பார்த்துத்தான் எடுப்பேன். அந்தளவுக்குக் கண்ணு இன்னும் தெரியுது. சீக்கிரம் வாங்க.”

புதன்கிழமை போகிறேன். ஒரு பேய் நாவலில் சரியாகப் பாதியில் நிற்கிறேன்... வயிற்றெரிச்சல் இப்போதே ஆரம்பித்துவிட்டது!