மோப்ப வாட்சர்

விறகுக்கட்டிலிருந்து வாட்சர் ஒரு குச்சியை உருவி, முனையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். "காஞ்சதுதான். போன கோடையில விழுந்தது. நீ போம்மா." வனத்துறைச் சோதனைச் சாவடியில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. காய்ந்த சுள்ளி என்றால் விடலாம், பச்சை என்றால் வழக்கு. அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியாததால் காட்டுக்குள் பிறந்தவரின் மூக்கு தேவைப்பட்டது. சொந்தக்காரர்கள் அவரை 'மோப்பம்' என்கிறார்கள், முகத்துக்கு நேராகவே.

அவருடைய தாத்தா காலத்தில், காட்டைக் காப்பாற்றப்போவதாகச் சொல்லி அவர்களுடைய முப்பது வீடுகளையும் சாலையோரத்துக்கு இறக்கினார்கள். பிறகு அந்த இடத்தையே மொட்டையடித்து, காகித ஆலைக்காக ஒரே சாதி மரம் நட்டார்கள். "எங்ககிட்டருந்து எதைக் காப்பாத்தினாங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன் சார்" என்று, சாவடியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். யாரிடம் போய்க் கேட்பது?

காக்கிச் சட்டையைத் தானே துவைப்பார். மனைவியைத் தொட விடமாட்டார். இன்னமும் தற்காலிக வாட்சர்தான். நிரந்தரமாக்கும் பட்டியலில் போன மாதம்தான் பெயர் வந்தது.

அந்த வாரமே, ரேஞ்சர் பக்கத்தில் நிற்கும்போது, வாட்சரின் அக்கா விறகோடு வந்தாள். சுள்ளியெல்லாம் காய்ந்தது. கட்டியிருந்த நார் மட்டும் அன்று காலை மரத்திலிருந்து உரித்த பட்டை. "இது?" என்றார் ரேஞ்சர். முகராமலே வாட்சருக்குத் தெரியும், ஆனாலும் முகர்ந்தார். "பச்சைங்கய்யா."

"காஞ்ச நாருல கட்டினா பாதி வழியில அறுந்துடும்னு உனக்குத் தெரியாதாடா? கட்டுறதுக்கு உன் பெல்ட்டையா கேக்கணும்?" என்றாள் அக்கா. அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, விறகு பொறுக்கும் அட்டையையும் ரத்து செய்தார்கள். இப்போது சாலை வேலைக்கு ஜல்லி சுமக்கிறாள்.

"பொய் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு சார். பட்டியல் ஞாபகம் வந்துடுச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா வேலை முடிந்து வந்தாள். நேரே தம்பி முன்னால் நின்று, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்துப் பிரித்து, சோதனைக்குக் காட்டுவதுபோல அவர் முகத்துக்கெதிரே உதறிக் காட்டினாள். தூசிதான் பறந்தது.

"அக்கா..." என்றவர், ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து, லாரிகளுக்கு மட்டுமே தூக்கும் தடுப்புக் கம்பத்தை அவளுக்காக முழுசாகத் தூக்கினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓரத்துச் சந்தில் குனிந்து நுழைந்து போய்விட்டாள்.

பின்னால் காத்திருந்த ஆலை லாரி, கம்பம் தனக்குத்தான் ஏறியது என்று நினைத்துக் கிளம்பியது. கண்ணாடியில் அனுமதிச் சீட்டு, மேலே நேற்று வெட்டிய மரங்கள், வெட்டுவாயில் சாறு இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கையசைத்தார். ஒரு கையில் கயிறு இருக்க, மோப்பத்தின் இன்னொரு கை நெற்றிக்குப் போய் சலாம் வைத்தது.