ஏழு கடைக்கும் ஒரே ருசி

வேலாயுதம் அண்ணன் இறந்த செய்தி மசாலாத் தூளோடுதான் வந்தது. வியாழக்கிழமை காலை, வழக்கம்போல் மூன்று தகர டின்களைப் பெச்சா ரிக்ஷாவில் வைத்து மிதித்து வந்த முனியாண்டி, அவற்றை என் கடையில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணன் விடியக்காலைல போயிட்டாருக்கா. இதுதான் அவரு கடைசியா கட்டினது." நான் முதலில் டின்களை உள்ளே எடுத்து வைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் பெயர்ப் பலகையின் கீழ் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்ற நம் ஏழு பேரில், மற்ற ஆறு பேருக்காக இதை எழுதுகிறேன். மலாக்காவில் பலரும் அவரைப் பெரிய சமையல்காரர் என்றே நினைத்திருந்தார்கள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் முதல் கடையைப் போட்டபோது கரண்டி பிடித்ததோடு சரி. பிறகு பண்டார் ஹிலிர், கிளேபாங், எங்கள் காஜா பேராங் என்று ஏழு கடையானது. அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை. இடங்களை நீண்ட குத்தகைக்கு எடுத்து, நமக்குக் கூடுதல் வாடகைக்கு விட்டார். தூளை அவரிடம்தான் வாங்கவேண்டும். பெயருக்கென்று விற்பனையில் ஒரு பங்கு தனி. "மீயில என்னம்மா இருக்கு? மீய நீ வித்துக்க. எடம், தூளு, பேரு, மூணும் என்கிட்ட இருந்தாப் போதும்" என்பார். மழையில் ஒரு தட்டுகூடப் போகாத நாளிலும் நஷ்டம் நமக்குத்தான். அவருக்கு வரவேண்டியது வந்துவிடும்.

குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. என் கணவர் போனபோது, இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்ற எனக்கு முன்பணம் வாங்காமல் கடை கொடுத்தவர் அவர்தான். சொந்தக்காரர்கள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஏழு கடையிலும் ஒரே நீல மேசை. "வாங்க, பசியா வந்தீங்களா, ஒக்காருங்க" என்று ஒரே வரவேற்பு. கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் பரிமாறவேண்டும். சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொடி ஏறிய வருஷம், ஆற்றங்கரையில் சுமை இறக்குகிற ஒருவர் என் கடையில் உட்கார்ந்து, "பெரியவளுக்குக் காய்ச்சல்னு நேத்து சொன்னீங்களே, எறங்கிடுச்சா?" என்று கேட்டார். அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. காய்ச்சல் கிளேபாங் கடை சரோஜாவின் மகளுக்கு. திருத்தியிருக்கலாம். "எறங்கிடுச்சுங்க" என்று என் வாய் சொன்னது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மூத்தவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சுட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு வீம்பு பிடித்தது. பிள்ளைகள் 'அம்மா கடை' என்று சொல்ல ஒன்று இருக்கவேண்டும். ஒருநாள் மிளகாயும் நெத்திலியும் போட்டு நானே அரைத்த சம்பாலை மீயில் கலந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியத்துக்குள் அண்ணன் வந்துவிட்டார். சாப்பிடவில்லை; தெரு முனையில் நின்றபடியே மூச்சை இழுத்தார்.

"யாரும்மா இது?"

என்ன இது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார்.

"நாந்தாண்ணே. பாக்கியம்."

"சாப்பிட வரவங்களுக்குப் பாக்கியம் தெரியக் கூடாதும்மா. கொட்டிடு. இல்லாட்டி எடத்தக் குடுத்திடு."

குரலை உயர்த்தவேயில்லை. கொட்டினேன். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கருமாதி முடிந்ததும் அவர் மைத்துனர் வந்து, "குத்தகையெல்லாம் அவரோட முடிஞ்சிருச்சு. இனிமே எடத்துக்காரங்களோட நீங்களே பேசிக்குங்க. தூளும் கெடையாது" என்றார். சந்தோஷத்தை மறைக்க நான் ரொம்பவே பாடுபட்டேன். பலகையை இறக்கினேன். மேசைக்குப் பச்சை அடித்தேன். மிச்சத் தூளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சட்டியைக்கூடப் புதிதாக வாங்கினேன்.

போன திங்கட்கிழமை என் நெத்திலிச் சம்பாலை அரைத்து, முதல் தட்டைப் பக்கத்துச் செட்டிக் கம்பம் கிராமத்துப் பெரியவருக்கு வைத்தேன். அவருக்குத் தமிழ் வராது, அந்தச் செட்டிகளுக்குத் தலைமுறைகளாக மலாய்தான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சாமா ஜுகா" என்று தலையாட்டினார். அதே ருசிதான் என்கிறார். வயசானவர், நாக்கு செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நானே ஒரு வாய் எடுத்துப் போட்டேன். அண்ணனின் தூள். ஒரு சிட்டிகைகூடப் போடாத தூள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ருசி. வேண்டாம் என்றாலும் போகமாட்டேன் என்கிறது. சரோஜாவையும் மற்ற ஐந்து பேரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டுச் சம்பாலை ஒருமுறை அரைத்து, வாயில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு மட்டும்தானா என்று தெரியவேண்டும். கடையில் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது.