கடைசிப் பந்தும் வசந்தாவின் கால்களும்

இன்று மாலை என் மனைவி வசந்தா அடித்த கோல்ஃப் பந்து கடலில் விழவில்லை. கொடிக்கம்பத்தின் அருகே அதைக் கண்டெடுத்து உறுதிசெய்தவர் ஓவர்சியர் தாஸ்.

எங்கள் தீவின் மைதானத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே பந்துதான். மற்றவை எல்லாம் மழைக்காலக் காற்றில் கடலுக்குப் போய்விட்டன. இதுவும் போனால், கப்பல் வரும்வரை யாருக்கும் ஆட்டமில்லை.

"பாபி, ஆக்ரி பால்! சம்பால்கே!" என்று தாஸ் இந்தியில் எச்சரித்தார்; அண்ணி, கடைசிப் பந்து, பார்த்து என்று பொருள்.

"போச்சுன்னா நாங்க எல்லாரும் பேகார்தான், சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான் அக்கா," என்றார் காண்ட்ராக்டர் செல்லையா.

நானும், "காத்து பலமா இருக்கு. இன்னைக்கு விட்டுடேன்," என்றேன்.

"எந்த அடிக்கும் நீங்க பந்தை இடது குதிகாலுக்கு நேரா வெச்சுக்கிறீங்க. அது உசரமா எழும்புது, காத்து கடல் பக்கம் தள்ளிடுது," என்றாள் வசந்தா.

பந்தை அவள் தொடவில்லை. அது வலது காலருகே வரும்படி, தான் சற்று இடப்புறம் நகர்ந்து நின்று அடித்தாள். ஆளுயரத்துக்கு மேல் எழாமல் நேராகப் பாய்ந்தது பந்து.

"அக்கா, எப்படி நின்னீங்க? இன்னொரு தரம் காட்டுங்க," என்று செல்லையா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் செய்திமடலில் சொந்த வீட்டுச் செய்தியைப் பெருமையில்லாமல் எழுத எனக்கு வரவில்லை.

புதிய பந்துகள் மெட்ராஸ் கப்பலில் வருவதாகத் துறைமுக எழுத்தர் சொல்கிறார். வியாழக்கிழமை எதிர்பார்க்கலாம். அதுவரை இந்தக் கடைசிப் பந்தில் ஆட நினைப்பவர்கள் அதை வசந்தாவிடமே கேளுங்கள். என் சிபாரிசு அங்கே செல்லாது.