பள்ளியை மூட வைத்த காய்ச்சல்

முதலில் சாக்பீஸ் தூசி என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாக வறட்டு இருமல். மூன்றாம் நாள் இடுப்பு விட்டுப்போவதுபோல் வலித்தது. நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியை. காலாண்டுத் தேர்வுக்குப் பாடம் பாதி கிடந்தது. காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு மேலும் இரண்டு நாள் வகுப்பெடுத்தேன்.

அது 2009. பன்றிக் காய்ச்சல் பற்றிச் செய்தித்தாளில் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் சாரம் பகுதியில் இருக்கும் எனக்கு அது வரும் என்று தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. கணவர் ஸ்கூட்டரில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி மாதிரி எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா (நுரையீரலில் தொற்று பரவிச் சளி கட்டுவது) தெரிந்ததால், முடிவு வரும் முன்பே தனி வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

"காய்ச்சலோட ஸ்கூலுக்குப் போனீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"போர்ஷன் முடிக்கணும் சார்."

அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பன்றிக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. அன்றே கணவர் போனில் சொன்னார். "உன் கிளாஸ்ல ஆறு பிள்ளைங்களுக்குக் காய்ச்சலாம். பத்து நாள் ஸ்கூல மூடிட்டாங்க."

அதன்பின் என்னால் படுக்கையில் இருக்க முடியவில்லை. ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் போவேன். நர்ஸ் திட்டி மறுபடி மாட்டுவார். ஆறு முகங்களும் மாறி மாறி வந்தன. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆறு பேரும் தேறிவிட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

ஒரு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பினேன். என் வகுப்புப் பெண் செல்வி இல்லை. அவளுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. பள்ளி மூடிய பத்து நாளில் அம்மாவோடு இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனவள், அங்கேயே வேலையில் நின்றுவிட்டாள் என்றார்கள்.

அன்று மாலையே அவள் ஊரான வீராம்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். நிறுத்தத்திலிருந்து அவள் வீடு வரை நடக்க, மூச்சு வாங்கி மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவள் அம்மா முதலில் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்.

"வூட்ல சும்மா கெடக்குறாளேன்னு கூட்டிக்கினு போனேன் டீச்சர். கை வேகமா இருக்குதுன்னு சூப்பர்வைசர் நிறுத்திக்கினாரு."

"என்னாலதாங்க ஸ்கூல மூடுனாங்க. நான் காய்ச்சலோட வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லன்னா நாங்களும்தான் வேலைக்குப் போறோம்," என்றார்.

கதவோரம் நின்ற செல்வி கேட்டாள். "என் பேர அடிச்சிட்டாங்களா டீச்சர்?"

"இல்ல. நீ வந்தா போதும்."

"திங்கக்கிழம அனுப்புறேன்," என்றார் அம்மா.

மூன்று திங்கட்கிழமைகள் போயின. ஒவ்வொரு திங்களும் வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே அவள் இடத்தைப் பார்ப்பேன். இன்னொரு முறை போனேன். நான்காம் திங்கள் அவள் வந்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. மாலைகளில் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தவறி, உடனடித் தேர்வில் தேறினாள்.

உடம்பு கெட்டும் வகுப்பை விட மனமில்லாத ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்தைப் பிறகு முடித்துவிடலாம். பத்து நாளில் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நுரையீரல் முழுதாகப் பழையபடி ஆகவில்லை. ஒரு கணக்கை ஒரே மூச்சில் விளக்க முடிவதில்லை. நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், பேசாமல் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கடைசி பெஞ்சுவரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன், இன்று யார் வரவில்லை என்று.