விமானத்தின் மூக்கில் வைத்த பொட்டு

லீக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரகடத்தில் ரேடியேட்டர் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடமாக எனக்கு வேலையே அதுதான். செய்து முடித்த ரேடியேட்டருக்குள் காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்போம். ஒரே ஒரு குமிழி வந்தாலும் ரிஜெக்ட். கனவில்கூட நான் குமிழிதான் தேடிக்கொண்டிருப்பேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவன் சொந்தமாக ஒரு விமானம் கட்டினால் எப்படி இருக்கும்? ஆமாம், விமானம்தான். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். பிள்ளைப்பாக்கத்தில் நெல்வயலை ஒட்டி வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட்டில், ஐந்து வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிக் கட்டியது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் இதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இடையில் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கியிருந்தேன். பறக்க வேண்டிய அனுமதிக் காகிதங்களும் அலைந்து திரிந்து கைக்கு வந்திருந்தன.

எஞ்சின் ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து எடுத்தது. ரோட்டரி எஞ்சின். அதில் மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர், உலோகக் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எடை குறைவு, அதிர்வும் குறைவு. ஒரே தொல்லை சூடு. கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் நெருப்பு, மறுபக்கத்தில் எப்போதும் புதுக்காற்று. சூடு அளவு மீறினால் கூடு கோணிக்கொள்ளும், கூட்டைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர் உள்ளே கசியாமல் தடுத்து வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் கருகும். தரையில் கருகினால் எஞ்சின் போகும். மேலே ஏறும்போது கருகினால் ஆளே போவான்.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். அதனால்தான் விமானத்தின் மூக்கில், புரொப்பல்லருக்குக் கீழே, ரேடியேட்டருக்குக் காற்று போக அகலமாக ஒரு வாய் வைத்தேன். வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சந்துகூட இல்லாமல் பசை வைத்து அடைத்தேன். காற்று வெளியேறுவதற்குப் பின்னால், அடிவயிற்றில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் விட்டேன். குளிர்ந்த காற்று உள்ளேயே கொஞ்ச நேரம் தங்கினால்தானே ரேடியேட்டர் குளிரும் என்பது என் கணக்கு. எதையும் வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்கே சம்பளம் வாங்கியவன் வேறு எப்படி யோசிப்பான்?

விமானத்தைக் கயிற்றால் கட்டி வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதெல்லாம், முழு வேகத்தில் மூன்றாவது நிமிடமே வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் அசரவில்லை. மேலே போனால் எதிர்காற்று பலமாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஜயதசமி அன்று முதல் முறை பறப்பது என்று முடிவு செய்து, விமானத்தை ஓடுதளத்துக்கு ஏற்றிப்போக வண்டியும் சொல்லிவிட்டேன்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளாத இயந்திரமே இருக்காது. ஷெட்டைக் கழுவி, கோலம் போட்டு, என் மனைவி விமானத்துக்கு மாலை சாத்தினாள். குழைத்த சந்தனத்தை மூக்கிலிருந்த அந்தக் காற்று வாயின் கீழுதட்டில் மூன்று இடத்தில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பூசணிக்காய் உடைத்து, பொரி தின்று முடித்ததும், மாலையைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கடைசியாக ஒரு தடவை ஓட்டினேன். அதே கதைதான். மூன்றாவது நிமிடம், சிவப்புக் கோடு. அணைத்துவிட்டு இறங்கினேன். அவள் மூக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், இங்க வா. இந்தப் பொட்டப் பாரு."

"கலைஞ்சா இன்னா? இன்னொண்ணு வெச்சா போச்சு."

"எந்தப் பக்கம் கலைஞ்சிகீதுன்னு பாருய்யா. காத்து உள்ள போவுதுன்னா குங்குமமும் உள்ளதான போயிருக்கணும்? வெளிய வந்து தாடியாட்டம் வழிஞ்சிகீது."

பார்த்தேன். வெள்ளை மூக்கில் மூன்று சிவப்புக் கோடுகள். மூன்றும் உதட்டைத் தாண்டி வெளிப்புறமாகக் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தன.

என் மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை. பூத் என்று அவர்கள் சொல்லும் பெயின்ட் அடிக்கும் அறையில் காற்று கூரையிலிருந்து இறங்கி, தரை வழியாக வெளியேற வேண்டும். ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க மெல்லிய டேப்புத் துண்டுகளைத் தொங்கவிட்டு, அவை எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் கவனிப்பது அவள் பொறுப்பு.

"எங்க பூத்துல கீழ ஃபில்டர் அடைச்சிகிச்சின்னா இப்டித்தான். மேலேர்ந்து எவ்ளோ ஊதினாலும் எறங்காது. நீ வெளிய போற வழிய எங்க வெச்சிகீற?"

அடிவயிற்றுக் கீறலைப் பெருமையோடு காட்டினேன்.

"இவ்ளோதானா?"

"அப்பதாம்மே குளிர்காத்து உள்ள தங்கும்."

"தங்கறதுக்கு அது இன்னா விருந்தாளியா? சூடானா காத்து இன்னும் பெருசாவும். போறதுக்கு வழி வரத விட பெருசா வேணும். இது மூஞ்சியிலயே முட்டிகினு திரும்பிப் போவுது."

"நாளைக்கு மேல போனா வேகமா அடிக்கும், சரியாப்பூடும்."

"வாசல்ல கதவ சாத்திகினா, வேகமா வந்தவன் மட்டும் உள்ள பூந்துடுவானா? நாளைக்கி நீ போவாத. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து வருட உழைப்பு, விஜயதசமி, ஏற்பாடு செய்த வண்டி எல்லாம் கண்முன்னே வந்தன. "பெயின்ட் ஷாப்புல கீறவளுக்கு எஞ்சினப் பத்தி இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் விமானத்தின் சாவியைப் பிடுங்கி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏறிக் குன்றத்தூர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாவி இல்லாதவன் என்ன செய்வான்? வண்டிக்காரருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன். மறுநாள் காலை, அவள் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே ஷெட்டுக்குப் போய், கிரைண்டரால் அடிவயிற்றை ஒரு சாண் அகலத்துக்கு அறுத்தேன். அறுத்த இடத்தில் காற்றை வெளியே இழுக்கும்படி ஒரு சாய்ந்த தகடும் வைத்தேன். நான் கூப்பிடாமலேயே பத்து மணிக்கு அவள் சாவியோடு வந்து நின்றாள்.

எஞ்சினை ஓட்டினேன். மூன்றாவது நிமிடம் போனது. ஐந்தாவது போனது. பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடியும் முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேயே நின்றது. குதிக்கலாம் போல இருந்தது.

குதிப்பதற்குள் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டில் கண்ணில் பட்டது. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி. எஞ்சினுக்குள்ளிருந்து வாயு எங்கோ தண்ணீரில் கசிகிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் தண்ணீர் கொதித்ததில் கண்ணுக்குத் தப்பியது, கொதி அடங்கிய பிறகு தெளிவாகத் தெரிந்தது. குமிழியைப் பார்த்து விட்டுவிடுகிற ஆளா நான்? அந்த வாரமே எஞ்சினைப் பிரித்தேன். நெருப்புப் பக்கத்து ரப்பர் வளையம் கருகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. மூன்றாவது நிமிடம், மூன்றாவது நிமிடம் என்று நான் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. விஜயதசமி அன்று ஏறியிருந்தால் ஓடுதளத்தை அடுத்த ஏரிக்கரையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புது வளையங்கள் போட்டு, மறுபடி பூட்டி, தை மாதத்தில்தான் பறந்தேன். காஞ்சிபுரத்து ஏரிகளெல்லாம் கீழே தெரிந்தன என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பொய். முள்ளைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அது அசையவே இல்லை. இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்கிறது என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் டீ போட்டாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை, வரவில்லை. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நெசமா சொல்லு. அன்னிக்கி நான் சாவிய புடுங்கிகினு போவலன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"போயிருப்பேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தம் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.