ராட்டினம் தெரியும் அறை

2005 நவம்பர் மாதம். நான் டெல்லிக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முனிர்காவில் மூன்றாவது மாடியில், நண்பன் ஒருவனோடு ஒரே அறை. விழுப்புரம் பக்கத்திலிருந்து அம்மா முதல் தடவையாக ரயிலேறி வந்திருந்தார். நண்பன் பெருந்தன்மையாகப் பக்கத்து அறைக்குப் படுக்கப் போய்விட்டான்.

ஹரியானா போகும் ரோட்டில் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. உள்ளேயே ஓட்டலும் உண்டு. "ஒரு ராத்திரி அங்கயே தங்கலாம்மா" என்று ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் சொல்லியிருந்தேன். அம்மா வயல் வேலை பார்த்தே என்னைப் படிக்கவைத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "ரூமுலேர்ந்து பாத்தா ராட்டினம் தெரியுமா தம்பி?" என்று பஸ்ஸிலேயே இரண்டு தரம் கேட்டார்.

பகல் முழுக்கச் சுற்றினோம். நாலு மணிக்கெல்லாம் அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. ஓட்டல் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். நானும் அதுவரை எந்த ஓட்டலிலும் தங்கியதில்லை. கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு படிவத்தை நகர்த்தி, "மாதாஜி கா பீ சைன் சாஹியே" என்றார். அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அம்மாவுக்குக் கைநாட்டுதான். என் காலேஜ் விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் இருப்பதும் அந்தக் கட்டைவிரல்தான். அதைப் பிடித்து மையில் ஒற்றி வைத்ததே நான்தான். அன்றைக்கு வராத வெட்கம், அந்தப் பளிங்குத் தரையில் நின்றபோது எங்கிருந்தோ வந்தது. பின்னால் கோட்டு போட்ட ஒருவர், அவர் மனைவி. இவர்கள் முன்னால் மைப்பெட்டி கேட்பதா?

"ஏக் மினிட்" என்று வெளியே வந்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போனேன். கவுண்டர் வரை போய், கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு மறுபடி வெளியே வந்தேன். தங்கலாமா, கிளம்பலாமா? மூன்றாம் முறை கதவுக்குப் பக்கத்தில் போனதும் கால் நகரவில்லை. திரும்பி வந்து, "ரூம் இல்லையாம்மா. எல்லாம் ஃபுல்லு" என்றேன்.

அம்மா தலையாட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவர்கள் கேட்டார்கள், கவுண்டர்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

"வா தம்பி, பஸ்ஸு போயிடும்" என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. அம்மா கம்பியைப் பிடித்தபடி, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டே வந்தார். நான் ஜன்னலையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தேன். இறங்கித் திரும்பப் போய்விடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். இறங்கவில்லை.

மூன்று மாடியையும் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். சத்தம் கேட்டு நண்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா மாப்ளே, அம்மாவ ஓட்டல்ல தங்க வைக்கப்போறேன்னு அவ்ளோ பீத்துன?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "அவன் கூப்புட்டான்பா, நாந்தான் வேணாம்னுட்டேன். மெத்தைல படுத்தா எனக்குத் தூக்கமே வராது."

நண்பன் சிரித்துவிட்டு டீ போடப் போனான். அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீ மூஞ்சி கழுவிட்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு வேலை விஷயமாக எத்தனையோ ஓட்டல்களில் தங்கிவிட்டேன். ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துப் போடும்போது அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். அன்றைக்குப் பொய் அவ்வளவு சுலபமாக வந்த அதே வாயில், 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்ற வார்த்தை மட்டும் இன்றுவரை வரவில்லை.